பச்சை இறைச்சி தின்னும் நாயின் நிறை: எவ்வளவு போடுவது, எப்படிச் சரிசெய்வது

எங்கள் பக்கத்தில் நாய்ச் சாப்பாடு என்றால் காலங்காலமாகச் சோறும் மீன் தலையும்தான். இப்போது மட்டக்களப்பு நகரத்திலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் லப்ரடோர், அல்சேஷன், ரொட்வைலர் வளர்க்கிறவர்களில் சிலர் பச்சை இறைச்சிக்கு மாறுகிறார்கள். மாறிய முதல் மாதத்தில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். நாய் தட்டை நக்கித் துடைக்கும், மலம் குறையும், மயிர் மினுங்கும். இரண்டு மூன்று மாதம் போனதும்தான் சிக்கல் வரும். சில நாய்கள் பீப்பாய் மாதிரி உருளும், சிலதுக்கு விலா எலும்பு எண்ணும்படி தெரியும்.

இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். "ஒரு நாளைக்கு உடல் நிறையில் இரண்டு வீதம் போடுங்க" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதோடு நிறுத்திவிடுகிறோம். அந்த இரண்டு வீதம் தொடங்குவதற்கு மட்டும் உதவும் எண். 20 கிலோ நாய்க்கு அது 400 கிராம். அதே 400 கிராம் இறைச்சி ஒரு நாயை மெலிய வைக்கும், இன்னொன்றைக் கொழுக்க வைக்கும். இறைச்சியில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தோல் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டால் மீதி வேலை சுலபம்.

தொடங்க முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுக்கத்தான் வேண்டும் என்று நான் யாரையும் தூண்ட மாட்டேன். அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் 2012 இலேயே இதற்கு எதிராகக் கொள்கை எடுத்தது. சல்மொனெல்லா, ஈ.கோலி, லிஸ்டீரியா ஆகிய கிருமிகள்தான் முக்கிய காரணம். இவை நாய்க்கு ஒன்றும் செய்யாமல், அதன் வாய் வழியாகவும் மலம் வழியாகவும் வீட்டில் உள்ளவர்களுக்கு வரலாம். வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை, கர்ப்பிணி, வயதானவர், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவர் என்று யாராவது இருந்தால் இறைச்சியை அவித்தே கொடுங்கள். கீழே சொல்லும் நிறைக் கணக்கு அவித்த சாப்பாட்டுக்கும் பொருந்தும். அவித்தால் எலும்பை முழுதாக எடுத்துவிட வேண்டும், இறைச்சியை அவிக்க முன்னரே நிறுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். எலும்புக்குப் பதிலாக முட்டைக்கோதை வறுத்து மாவாக இடித்து, அரைக் கிலோ இறைச்சிக்கு அரைத் தேக்கரண்டி கலந்தால் கல்சியம் சரியாகும்.

குட்டி நாய் வைத்திருப்பவர்களும் இந்த வழிகாட்டியைப் பின்பற்ற வேண்டாம். வளரும் வயதில் கல்சியம் கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. அல்சேஷன் போன்ற பெரிய சாதிக் குட்டிகளுக்கு எலும்பு வளைந்துவிடும். இது வளர்ந்த நாய்க்கான கணக்கு மட்டும்.

முதல் வேலை: மிருக வைத்தியரிடம் ஒருதரம்

நாய் காரணமில்லாமல் மெலிந்தால் அது சாப்பாட்டுப் பிரச்சினையாக இல்லாமலும் இருக்கலாம். எங்கள் வெப்பத்துக்கு உண்ணி வருடம் முழுக்க இருக்கும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் ஈறு வெளிறி, சோர்ந்து, நாளுக்கு நாள் வற்றும். வயிற்றில் பூச்சி இருந்தாலும் அப்படித்தான். மறுபக்கம், தைரொயிட் சுரப்பு குறைந்த நாய் கொஞ்சமாகத் தின்றாலும் கொழுக்கும். அதனால் பக்கத்திலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கோ, தனியார் கிளினிக்குக்கோ ஒருதரம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பச்சை இறைச்சி கொடுப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். டொக்டர் விரும்பாமல் இருக்கலாம், ஆனால் பூச்சிக் குளிசை எவ்வளவு காலத்துக்கு ஒருதரம், எது என்று முடிவெடுக்க அவருக்கு அது தெரிய வேண்டும். நாடாப்புழுவுக்கு வேறு மருந்து. கடையில் கிடைக்கும் எல்லாப் பூச்சிக் குளிசையும் அதைக் கொல்லாது.

பச்சை இறைச்சிக்காரர் பலர் அறியாத இன்னொரு சங்கதி. மாட்டின் தொண்டைக்குழலும் அதை ஒட்டிய சதையும் மலிவாகக் கிடைக்கும். தைரொயிட் சுரப்பி அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதைத் தொடர்ந்து தின்ற நாய்க்கு இரத்தத்தில் தைரொயிட் ஹோர்மோன் ஏறும். பிறகு எவ்வளவு தின்றாலும் மெலியும், நிலைகொள்ளாமல் அலையும், மூச்சு வாங்கும். அந்த இறைச்சியை நிறுத்தினால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். தொண்டைப் பகுதியை வாங்காமல் விட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கை சொல்லும் கணக்கு

தராசுக்கு முன்னால் கையைப் பழக்குங்கள். நாய் நிற்கும்போது பின்னால் நின்று, இரண்டு கையின் விரல்களையும் விலாவின் மேல் மெதுவாக வையுங்கள். அழுத்தக் கூடாது, தடவ மட்டும் வேண்டும். இப்போது உங்கள் சொந்தக் கையைப் பாருங்கள். உள்ளங்கையை விரித்துப் பிடித்து, மறுகை விரலால் புறங்கையில் விரல் எலும்புகள் ஓடும் இடத்தைத் தடவுங்கள். எலும்பு தெரியும், மேலே மெல்லிய தோல் மூடியிருக்கும். நாயின் விலா அப்படி இருந்தால் நிறை சரி. கையை முட்டியாகப் பொத்தி அதன் கணுக்களைத் தடவுவது போல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையைத் தடவுவது போல் எலும்பே படாமல் மெத்தென்று இருந்தால் நாய் கொழுத்துவிட்டது.

பிறகு மேலிருந்து பாருங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் நெஞ்சிலிருந்து பின்காலை நோக்கி வயிறு மேலேற வேண்டும். அடர்ந்த மயிருள்ள நாய்க்குக் கண் ஏமாற்றும். பொமரேனியன், அல்சேஷன் வைத்திருப்பவர்கள் கையை மட்டும் நம்புங்கள். குளிப்பாட்டும்போது மயிர் ஒட்டியிருக்கும், அப்போது பார்ப்பது இன்னும் நல்லது.

மிருக வைத்தியர்கள் இதை 1 முதல் 9 வரை புள்ளி போடுவார்கள். 4, 5 என்றால் சரியான உடம்பு. 5 க்கு மேலே ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ 10 வீதம் கூடுதல் நிறை. விலா அழுத்தினால்தான் கைப்படுகிறது, இடுப்பு மங்கிவிட்டது என்றால் அது 7 அளவில் இருக்கும், அதாவது 20 வீதம் கூடுதல். அடுத்த படிக்கு இந்த எண் தேவை, எழுதி வையுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களின் கண்ணுக்குச் சரியான நிறையுள்ள நாய் மெலிந்ததாகத்தான் தெரியும். "என்ன, நாய்க்குச் சாப்பாடு போடுறதில்லையா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். லப்ரடோர் நாய்களை வைத்துச் செய்து 2002 இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 48 குட்டிகளைச் சோடி சோடியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மறுபாதி தின்றதில் கால்பங்கு குறைத்தே வாழ்நாள் முழுக்கப் போட்டார்கள். குறைத்துத் தின்றவை நடுக்கணக்கில் 13 வருடம் இருந்தன, மற்றவை 11.2 வருடம். மூட்டு வாதமும் அவைக்குப் பிந்தித்தான் வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருடக் கூடுதல் ஆயுள், செலவில்லாமல். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுக்காக அதை விட முடியாது.

நிறுப்பது

சின்ன நாய் என்றால் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழியுங்கள். தூக்க முடியாத நாய்க்கு எங்கள் மாவட்டங்களில் ஒரு வசதி இருக்கிறது. நெல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு. படுவான்கரைப் பக்கமும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல் ஊர்களிலும் அரிசி ஆலையோ நெல் வாங்கும் கடையோ இல்லாத இடம் அரிது. ஆலை ஓடாத நேரம் பார்த்துக் கேட்டால் விடுவார்கள். நாயை ஏற்றி இருத்தி, ஆட்டம் நின்ற பிறகு எண்ணைப் பாருங்கள். எப்போதும் ஒரே தராசு, ஒரே நேரம், விடிய வெறும் வயிற்றில். தராசு மாறினால் கணக்கு மாறும்.

சாப்பாட்டுக்கு வேறு தராசு வேண்டும். கிராம் காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு. இதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கண் மட்டத்தில் அள்ளிப் போடுகிறவரைக்கும் நிறை கட்டுக்குள் வராது.

எண்ணைக் கண்டுபிடிப்பது

உதாரணத்துக்கு, 24 கிலோ லப்ரடோர் கலப்பு, கை பார்த்ததில் 7 புள்ளி. 20 வீதம் கூட என்றால் 24 ஐ 1.2 ஆல் பிரிக்க வேண்டும். 20 கிலோ வரும். அதுதான் இந்த நாய் இருக்க வேண்டிய நிறை. இனி எல்லாக் கணக்கும் இந்த 20 க்குத்தான், 24 க்கு அல்ல. கொழுத்த நிறைக்குக் கணக்குப் போட்டால் கொழுப்புக்கும் சேர்த்துச் சாப்பாடு போடுகிறோம்.

போனில் கல்குலேட்டரைத் திறவுங்கள். 20 ஐ 20 ஆல் பெருக்கி, திரும்பவும் 20 ஆல் பெருக்குங்கள்: 8000. வர்க்கமூலம் ஒருதரம்: 89.4. இன்னொருதரம்: 9.46. அதை 70 ஆல் பெருக்கினால் 662. சும்மா படுத்திருந்தாலே 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு இவ்வளவு கலோரி தேவை. நிறை குறைக்க இந்த எண்ணிலேயே தொடங்கலாம். கணக்குப் போடப் பஞ்சியாக இருந்தால்: 10 கிலோவுக்கு 394, 15 க்கு 533, 25 க்கு 783, 30 க்கு 897.

நிறை சரியாக இருக்கும் நாய்க்கு இந்த எண்ணை 1.6 ஆல் பெருக்கச் சொல்வார்கள், கருத்தடை செய்த நாய் என்றால். வளவுக்குள் படுத்துக்கிடந்து கேற்றில் ஆள் வந்தால் மட்டும் எழும்பும் நாய்க்கு 1.6 கூடுதல் என்பது என் அபிப்பிராயம். 1.3 அல்லது 1.4 இல் தொடங்கிப் பாருங்கள்.

இறைச்சிதான் முடிவெடுக்கிறது

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். 100 கிராம் பச்சை இறைச்சியில், எலும்பு நீக்கி, ஏறத்தாழ எவ்வளவு கலோரி என்று பாருங்கள். தோல் நீக்கிய கோழி நெஞ்சிலும் தொடையிலும் 120. கோழி இரைப்பையில் 95. மாட்டு இதயம் 112. கோழி ஈரல் 120, மாட்டு ஈரல் 135. கொழுப்பு வெட்டிய மாட்டிறைச்சி 135 அளவு, கொழுப்போடு அரைத்தது 250. தோல் நீக்கிய கோழிக் கழுத்து 155, தோலோடு 300 க்குக் கிட்ட. கோழித் தோல் மட்டும் எடுத்தால் 350.

நம் உதாரண நாய்க்கு வருவோம். இரண்டு வீதம் என்றால் 20 கிலோவுக்கு 400 கிராம். அதைத் தோல் நீக்கிய நெஞ்சுச் சதையாகப் போட்டால் 480 கலோரிதான், 660 க்கு வெகு குறைவு, நாய் பசியில் குப்பையைக் கிளறும். அதே 400 கிராமைக் கொழுப்பு மாட்டிறைச்சியாகப் போட்டால் 1000 ஐத் தொட்டுவிடும், நிறை ஒரு கிராம் இறங்காது. சரியான அளவு மெல்லிய சதையில் 550 கிராம், கொழுப்பு இறைச்சியில் 260 கிராம். ஒரே நாய், ஒரே தேவை, இரண்டு மடங்கு வித்தியாசம்.

எங்கள் கோழிக்கடைகளில் மலிவாகக் கிடைப்பது என்ன? கழுத்து, கால், தோல். புரொய்லர் கோழியின் கழுத்தில் தோலுக்கடியில் மஞ்சளாகக் கொழுப்புப் படிந்திருக்கும். நாய்க்கென்று சொன்னால் கடைக்காரர் அதைத்தான் அள்ளித் தருவார். கொழுத்த நாய்களின் வீட்டில் கேட்டால் பெரும்பாலும் பதில் இதுதான். கடையில் நின்று, "நானா, தோலை உரிச்சுப்போட்டுக் கழுத்துத் தாங்க, அந்தக் கொழுப்பையும் எடுத்துருங்க" என்று கேளுங்கள். உரித்துத் தரவில்லை என்றால் வீட்டில் நீங்களே செய்யலாம். கழுத்தின் தடித்த முனையில் தோலைப் பிடித்து ஒரே இழுவையில் இழுத்தால் காலுறை மாதிரிக் கழன்று வரும். அடியில் மிஞ்சும் மஞ்சள் கட்டிகளைக் கத்தரிக்கோலால் வெட்டி எறியுங்கள். ஒரு கிலோ கழுத்தை உரித்து முடித்துத் தோலை மட்டும் தனியாக நிறுத்துப் பாருங்கள், நாய் ஏன் கொழுத்தது என்று அந்தத் தட்டே சொல்லும்.

பச்சைக் கழுத்தைப் பற்றி இன்னொன்று. பச்சைக் கோழி, அதிலும் கழுத்து, தின்ற நாய்களுக்குப் பின்கால் தளர்ந்து பக்கவாதம் போல் வரும் ஒரு நோய் கூடுதலாக வருகிறது என்று மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வு காட்டியது. அரிதான நோய்தான். ஆனாலும் கழுத்தையே நாள்தோறும் பிரதான சாப்பாடாக வைக்காதீர்கள்.

எங்கள் உதாரண நாய்க்கு ஒரு நாள் தட்டு எப்படி இருக்கலாம் என்று பார்ப்போம். தோல் நீக்கிய கோழித் தொடைச் சதை 250 கிராம், மாட்டு இதயம் 100, கோழி இரைப்பை 60, தோல் நீக்கிய கழுத்து 60, அவித்த மாட்டு ஈரல் 25, அவித்த சிறுநீரகம் 25. இது 600 கலோரி அளவில் நிற்கும். மீதிக்கு ஒருநாள் முட்டை, ஒருநாள் அவித்து முள் எடுத்த மீன். சாளை, கீரி போன்ற சின்ன மீன் நல்லது, ஆனால் பச்சையாக அடிக்கடி போட்டால் சிலவகை மீனில் உள்ள நொதி நாயின் உடம்பிலுள்ள வைற்றமின் பி1 ஐ அழிக்கும். அவித்தால் அந்தப் பயம் இல்லை. பசி அடங்காத நாய்க்கு அவித்து மசித்த பூசணிக்காயோ பயற்றங்காயோ ஒரு கைப்பிடி சேருங்கள். தட்டு நிறையும், கலோரி ஏறாது.

பச்சைச் சாப்பாட்டில் சதை 80 வீதம், எலும்பு 10, உள்ளுறுப்பு 10 என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எலும்பு கூடினால் மலம் வெள்ளையாகச் சுண்ணாம்பு போல் உதிரும், நாய் முக்கும். ஈரல் ஐந்து வீதத்துக்கு மேல் போனால் வயிறு போகும், நீண்ட காலத்தில் வைற்றமின் ஏ தேங்கும். ஆனால் அந்த 80:10:10 மட்டும் முழுமையான சாப்பாடு என்று நம்பாதீர்கள். வைற்றமின் ஈ, துத்தநாகம், அயடின், மங்கனீசு எல்லாம் அதில் குறையக்கூடும். அளவைக் குறைக்கும்போது அவை இன்னும் குறையும். என்ன சேர்க்க வேண்டும் என்று டொக்டரிடம் கேட்டு, அந்தச் சத்து மருந்தையும் திட்டத்தில் போடுங்கள்.

மாட்டின் பெரிய கால் எலும்பு கொடுக்காதீர்கள், பல் உடையும். உள்ளே இருக்கும் மச்சையும் முழுக்கக் கொழுப்பு. நாய் நாள் முழுக்க நக்கிக்கொண்டிருந்தால் நிறைக் கணக்கு அங்கேயே போய்விடும்.

வாங்குவதும் வைப்பதும்

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்து அனுமதித்த இறைச்சி விற்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி தெரிந்தால் வேண்டாம். அது நாய்க்கு நாடாப்புழுவாகி, அதன் முட்டை மனிதருக்கு வந்தால் ஈரலில் கட்டியாக வளரும். அதனால்தான் மேலே ஈரல், சிறுநீரகம் எல்லாம் அவித்ததாகச் சொன்னேன். நுரையீரலை விட்டுவிடுவதே நல்லது. அம்பாறைக் காட்டோர ஊர்களில் காட்டுப்பன்றி இறைச்சி வந்தால் அதையும் நாய்க்குப் பச்சையாகப் போடாதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே நாளுக்கு ஒரு பொட்டலம் என்று நிறுத்துக் கட்டி, திகதி எழுதி பிரீசரில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் நிறுக்கும் வேலை மிச்சம். அதைவிட முக்கியம், வீட்டில் யார் சாப்பாடு வைத்தாலும் அளவு மாறாது. முதல் நாள் இரவே ஒரு பொட்டலத்தைப் பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். மேசையில் வைத்து உருக விடாதீர்கள், எங்கள் சூட்டுக்கு வெளிப்பக்கம் கெட்டுவிடும், உள்ளே இன்னும் ஐஸ் இருக்கும். தட்டில் போட்டது இருபது நிமிடத்தில் முடியவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். எறும்பும் காகமும் ஒருபக்கம், கிருமி மறுபக்கம். கரண்ட் நீண்ட நேரம் போய் இறைச்சி இளகிவிட்டால் திரும்ப உறைய வைக்காமல், எலும்பு எடுத்து அவித்து இரண்டு நாளுக்குள் முடியுங்கள். உறைய வைப்பதால் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். ஆகவே தட்டும் கத்தியும் பலகையும் நாய்க்கென்று தனியாக இருக்க வேண்டும். கை கழுவுவதைச் சொல்லத் தேவையில்லை.

போயா தினத்தில் இறைச்சிக்கடை திறக்காது, முதல் நாளே வாங்கிவிடுங்கள். சைவ வீடுகளில் இன்னொரு சிக்கல். வெள்ளிக்கிழமை மச்சம் புழங்குவதில்லை, வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தால் நாள்கணக்காக வீட்டில் மச்சம் ஏறாது. பல வீடுகளில் மாட்டிறைச்சியை எந்த நாளும் உள்ளே எடுக்க மாட்டார்கள். அது அவரவர் வீட்டு ஒழுங்கு, அதற்கு அமையவே திட்டம் போட வேண்டும். மாட்டிறைச்சி முடியாது என்றால் கோழியும் ஆட்டு உள்ளுறுப்பும் போதும். சடங்கு நாட்களுக்குக் கடையில் விற்கும் உலர் நாய்ச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று மாற்றினால் வயிறு போகும், ஆகவே ஒரு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்குங்கள். பையில் 100 கிராமுக்கு எவ்வளவு கலோரி என்று போட்டிருப்பார்கள், பெரும்பாலும் 350 சொச்சம். அதாவது நம் நாய்க்கு 190 கிராம் போதும். 500 கிராம் இறைச்சிக்குப் பதில் 500 கிராம் அதைப் போட்டால் ஒரு சடங்கில் இரண்டு மாத உழைப்பு போய்விடும்.

தட்டுக்கு வெளியே நடப்பது

நிறை இறங்கவில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வீட்டில் அம்மம்மா இருக்கிறாரா என்பது. கேலிக்குக் கேட்கவில்லை. நாயை அன்பாகப் பார்க்கிறவர் அவர்தான், "பாவம் புள்ள, ரெண்டு வாய் சோறு" என்று வைப்பவரும் அவர்தான். ஒரு கோப்பைச் சோறு 200 கலோரி. 660 இல் அது கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. தேத்தண்ணி நேரத்து பிஸ்கட் ஒவ்வொன்றும் 20 கலோரிக்கு மேல். மீன் குழம்பில் வெங்காயம் இருக்கும், அது நாயின் இரத்தத்துக்குக் கேடு. தேங்காய்ப்பாலின் கொழுப்பு வேறு.

அவரைக் கொடுக்காதே என்று தடுத்தால் ஒளித்துக் கொடுப்பார். அன்றைய பொட்டலத்திலிருந்து இரைப்பைத் துண்டுகளை எடுத்து அவித்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நாய்க்குக் கொடுக்க ஆசைப்படும்போது அதிலிருந்து கொடுக்கட்டும். மொத்தக் கலோரியும் மாறாது, அவர் மனமும் நோகாது. பிள்ளைகளுக்கும் இதே ஏற்பாடு வேலை செய்யும்.

கடற்கரை ஊர்களில் அவிழ்த்துவிட்ட நாய் கரைவலை இழுக்கும் இடத்தில் போய் வயிறு முட்டத் தின்றுவிட்டு வரும். கல்லடியிலும் திருக்கோவிலிலும் இதை யாரும் பார்க்கலாம். நிறை ஏறுவது சின்னப் பிரச்சினை. கரையில் எறிந்துகிடக்கும் நஞ்சுள்ள பேத்தை மீனைக் கடித்தால் உயிரே போகும். திட்டம் நடக்கும் காலத்தில் நாய் வளவுக்குள்ளேயே இருக்கட்டும், வெளியே போனால் கயிற்றோடு.

நடை

நடையால் மட்டும் நிறை குறையாது, சாப்பாடுதான் குறைக்கும். ஆனால் தசை வற்றாமல் இருக்க நடை வேண்டும். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று வீசும்போது பகலில் நடத்தவே கூடாது. கொழுத்த நாய்க்கு வெப்பம் உயிருக்கு ஆபத்து. விடிய ஆறு மணிக்கு முன், அல்லது பின்னேரம் தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஐந்து விநாடி வைத்திருக்க முடிகிற நேரம். மாரியில் மழை விடாமல் பெய்து நடை நின்றுபோனால், அந்த வாரங்களுக்குச் சாப்பாட்டை 10 வீதம் குறைத்துவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருதரம் திருத்துவது

ஒரு வாரத்துக்கு உடல் நிறையில் 1 முதல் 2 வீதம் இறங்கினால் நல்ல வேகம். 24 கிலோ நாய்க்கு அது 240 முதல் 480 கிராம். நான்கு கிலோ இறக்க இரண்டு முதல் நான்கு மாதம் பிடிக்கும். அவசரப்படாதீர்கள், வேகமாக இறங்கினால் தசையும் சேர்ந்து போகும். இரண்டு வாரம் ஒன்றும் இறங்கவில்லை என்றால் வெளிச்சாப்பாடு ஏதும் நடக்கிறதா என்று பாருங்கள், இல்லை என்றால் மட்டும் 10 வீதம் குறையுங்கள். இரண்டு வீதத்துக்கு மேல் இறங்கினால் 10 வீதம் கூட்டுங்கள். இரண்டு முறை குறைத்தும் அசையவில்லை என்றால் திரும்ப டொக்டரிடம் போங்கள், தைரொயிட் பார்க்க வேண்டி வரலாம்.

மெலிந்த நாய்க்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும், ஆனால் இன்னும் மெதுவாக. கொழுப்பை ஒரேயடியாகக் கூட்டினால் கணையம் வீங்கும். நாய் வாந்தி எடுத்து, முதுகை வளைத்து, வயிற்றைத் தொடவிடாது. அது அவசர நிலை. இரண்டு வாரத்துக்கு 10 வீதம் என்று கூட்டி, ஒரு நாள் சாப்பாட்டை மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். தெருவிலிருந்து எடுத்த எலும்பும் தோலுமான நாய்க்கு எடுத்த எடுப்பில் வயிறாரப் போடவே கூடாது. பட்டினி கிடந்த உடம்பில் உப்புச் சத்துகள் குழம்பி இதயம் நின்றுவிடலாம். அந்த நாய்க்கு டொக்டர் சொல்லும் அளவு மட்டும்.

நாய் குறித்த நிறைக்கு வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பாதீர்கள். வாரம் 10 வீதமாகக் கூட்டிக்கொண்டே வாருங்கள். நிறை இரண்டு வாரம் ஒரே இடத்தில் நின்றால் அதுதான் அந்த நாயின் உண்மையான அளவு. அதைப் பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள், எந்த இறைச்சியில் எத்தனை கிராம் என்றும் சேர்த்து. பிறகு மாதம் ஒருதரம் நிறுத்தால் போதும். 20 கிலோ நாய் 21 ஐத் தொட்டால் திரும்ப 660 இலிருந்து தொடங்குங்கள்.